ட்ராப் இசைக்குள் நுழைவது எப்படி? அட்லாண்டாவிலிருந்து தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பாட்டு காதில் விழுந்ததும் "யார் மியூசிக்?" என்றுதான் நாம் முதலில் கேட்போம். பாடியது யார் என்பது அடுத்த கேள்வி. ராஜா பாட்டு, ரஹ்மான் பாட்டு என்றே பேசிப் பழகிய நமக்கு அமெரிக்க ராப் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். அங்கே ஆல்பத்தின் அட்டையில் இருப்பது ராப்பரின் முகம் மட்டும்தான். ஆனால் ராப்பின் தென்மாநிலக் கிளையான ட்ராப்புக்கு நம் பழைய கேள்வியே கச்சிதமாகப் பொருந்துகிறது. பீட், அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை, போட்டவர் யார் என்று பிடித்துக்கொண்டால் மொத்த வரலாறும் தானாக வரிசையில் வந்து நிற்கும். ராப்பர்களின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் 'லில்' என்றும் 'யங்' என்றும் தொடங்கும் பெயர்க் கூட்டத்தில் தொலைந்துபோவீர்கள்.

கீழே உள்ள படிகளை வரிசையாகவே கேட்டுப் போகச் சொல்வேன். நடுவில் தாவினால் புரியாது என்றில்லை. ஆனால் 2017இல் வந்த ஒரு பாட்டில் 1995இன் மெம்ஃபிஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற சுகம் போய்விடும்.

படி 1: போன் ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள்

ட்ராப் பாட்டின் உயிர் அதன் அடித்தள பாஸில் இருக்கிறது. அது பெரும்பாலும் 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி. கைபேசியின் குட்டி ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. போனில் கேட்டுவிட்டு "டிக் டிக் என்று ஏதோ அடிக்கிறது, ஒருத்தர் முணுமுணுக்கிறார், இதில் என்ன இருக்கிறது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குப் பாதிப் பாட்டுதான் கேட்டிருக்கிறது. காதை நன்றாக அடைக்கும் இயர்போன் போதும். கார் ஸ்பீக்கர் இன்னும் நல்லது. இந்தப் பாட்டுகளில் பலவும் காரில் கேட்பதற்காகவே மிக்ஸ் செய்யப்பட்டவை.

இன்னொன்று: வரிகளில் கெட்ட வார்த்தைகள், துப்பாக்கி, போதைப்பொருள் எல்லாம் தாராளமாக வரும். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் ஆப்பில் 'கிளீன்' என்று போட்டிருக்கும் வடிவத்தைத் தேடுங்கள்.

படி 2: காதுக்கு நான்கு ஒலிகளைப் பழக்குங்கள்

பயிற்சிக்கு ராப்பர் ஃப்யூச்சரின் 'மாஸ்க் ஆஃப்' பாட்டை எடுத்துக்கொள்ளலாம். 2017இல் வந்தது, பீட், மெட்ரோ பூமின். அமெரிக்காவின் ஹிட் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. வார்த்தையை விட்டுவிட்டு ஒலியை மட்டும் கவனியுங்கள்.

முதலில் புல்லாங்குழல். அந்தச் சின்னத் துண்டுதான் பாட்டு முழுக்கச் சுழன்றுகொண்டே இருக்கும். ட்ராப்பில் மெட்டு பெரும்பாலும் இப்படித்தான்: சிறிய, இருண்ட ஒரு துண்டு, மாறாமல் திரும்பத் திரும்ப. இந்தக் குழலுக்கு ஒரு முன்கதையும் உண்டு. 1976இல் வந்த 'செல்மா' என்ற மேடை இசை நாடகத்தின் சிறைப் பாட்டு ஒன்றிலிருந்து வெட்டியெடுத்தது இது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைச் சொன்ன நாடகம் அது. அந்தப் போராட்டத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் பிறந்த ஊர் அட்லாண்டா; ஃப்யூச்சரும் அதே ஊர்க்காரர்.

இரண்டாவது, ஹை-ஹாட். டிரம்ஸில் இருக்கும் இரட்டைத் தட்டின் "ட்ஸ் ட்ஸ்" சத்தம். ட்ராப்பில் இது நேராக ஓடிக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வேகத்தில் படபடக்கும். நம் தாளக் கணக்கில் சொன்னால், தகதிமி என்று நாலு நாலாகப் போய்க்கொண்டிருக்கும்போதே தகிட என்று மூன்றாக உடையும். இந்தத் திஸ்ரத்தை நினைவில் வையுங்கள், மெம்ஃபிஸ் நகரத்திலும் மிகோஸ் குழுவிடமும் மறுபடி தேவைப்படும்.

மூன்றாவது, ஸ்னேர் அல்லது கைதட்டல். ஹை-ஹாட்டின் வேகத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பாருங்கள். தட்டு மூன்றில்தான் விழும். அதனால் கணக்குப்படி நிமிடத்துக்கு 140 அடி என்று ஓடும் பாட்டும் உடம்புக்கு 70 போல நிதானமாகத் தெரியும். மேலே பரபரப்பு, கீழே மெத்தனம். ட்ராப் கேட்டு ஆடுபவர்கள் குதிக்காமல் தோளை மட்டும் அசைப்பதற்குக் காரணம் இதுதான்.

நான்காவதுதான் முக்கியம்: 808. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தின் பெயர் அது. விலை 1,195 டாலர். அசல் டிரம்ஸ் மாதிரி இல்லை, பொம்மை மாதிரி இருக்கிறது என்று பலரும் ஒதுக்கினார்கள். அதன் தனிச் சத்தத்துக்குக் குறைபாடுள்ள ஒரு வகை டிரான்சிஸ்டர்தான் காரணம். அது கிடைக்காமல் போனதும் 1983இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். மொத்தம் விற்றது ஏறத்தாழ 12,000. விலை போகாத இயந்திரங்கள் பழைய பொருள் கடைகளுக்கு வந்தன; பணமில்லாத பையன்கள் அங்கே வாங்கினார்கள். அதன் பாஸ் டிரம்மில் ஒலி எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் ஒரு திருகு இருக்கிறது. அதை முழுக்கத் திருப்பினால் "டும்" என்று முடிய வேண்டியது "டூஊஊம்" என்று நீளும். அந்த நீண்ட ஒலியை மேலே கீழே சுரம் மாற்றி வாசித்தால் தாளமே பாஸ் கிடாராகிவிடும். ட்ராப் முழுக்க நிற்பது அந்தத் திருகின் மேல்தான். இன்று பீட் போட அந்தப் பெட்டி தேவைப்படுவதில்லை. அதன் ஒலிகள் கணினிக்குள் கோப்புகளாக வந்துவிட்டன, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

படி 3: ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ட்ராப் என்பது அட்லாண்டா தெருப்பேச்சில் போதைப்பொருள் விற்கும் இடம். ஆள் குடியில்லாத வீடாக இருக்கலாம், தெருமுனையாக இருக்கலாம். உள்ளே போனவன் வெளியே வர முடியாது என்ற பொருளும் அதில் சேர்ந்தே இருக்கிறது. இசைக்குப் பெயர் அங்கிருந்து வந்தது.

இந்தத் தொழில் எப்படி ஒரு தலைமுறையை விழுங்கியது என்பதற்கு ஒரு சட்டத்தைப் பார்த்தால் போதும். 1986இல் அமெரிக்கா கொண்டுவந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி 500 கிராம் கொக்கெய்ன் தூளை விற்க வைத்திருந்தவருக்கு என்ன குறைந்தபட்சத் தண்டனையோ, அதே ஐந்து வருடம் வெறும் 5 கிராம் 'கிராக்' (கட்டியாக்கிய கொக்கெய்ன்) விற்க வைத்திருந்தவருக்கும். தூள், பணக்காரர் சரக்கு. கிராக், ஏழைக் கறுப்பினப் பகுதிகளின் சரக்கு. நூற்றுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கைப் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைக்கவே 2010 ஆனது. ட்ராப் பாட்டுகளில் அப்பா ஏன் வருவதே இல்லை, வழக்கறிஞர் ஏன் அடிக்கடி வருகிறார் என்று இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

அதே நேரத்தில் நகரமும் மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் முதல் அரசுக் குடியிருப்பான டெக்வுட் ஹோம்ஸ் 1936இல் திறக்கப்பட்டது அட்லாண்டாவில்தான். 1996 ஒலிம்பிக்ஸுக்காக அதை இடித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் போயின. பல ராப்பர்கள் பெயர் சொல்லிப் பாடிய போவன் ஹோம்ஸ் 2009இல் தரைமட்டமானது. பேங்க்ஹெட், ஜோன் 6 என்று பாட்டுகளில் வரும் பெயர்கள் வெற்று அலங்காரம் இல்லை. மேற்குப் பக்கத்து பேங்க்ஹெட், ராப்பர் டி.ஐ.யின் பேட்டை. கிழக்கு அட்லாண்டாவின் காவல்துறைப் பகுதி எண்ணான ஜோன் 6, ராப்பர் குச்சி மேனின் பேட்டை.

படி 4: முன்னோர்களுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள்

மூன்று ஊர்கள். முதலில் டென்னஸியின் மெம்ஃபிஸ். 1990களின் தொடக்கத்தில் அங்கே டிஜேக்கள் வீட்டிலேயே பதிவுசெய்த கேசட்டுகளைக் கார் ஸ்டீரியோ கடைகளில் விற்றார்கள். கரகரப்பு, பேய்ப் படம் போன்ற கீபோர்டு, மந்திரம் போலத் திரும்பத் திரும்ப வரும் ஒரே வரி. த்ரீ 6 மாஃபியா குழுவின் 'மிஸ்டிக் ஸ்டைல்ஸ்' ஆல்பம் 1995இல் வந்தது. பீட் போட்டவர்கள் டிஜே பால், ஜூசி ஜே. லார்ட் இன்ஃபமஸ் ராப் செய்யும் இடத்தில் அந்தத் தகிட தகிட ஓட்டத்தைக் கேளுங்கள். இருபது வருடம் கழித்து உலகம் முழுக்கப் புதுசு என்று கொண்டாடியது இதைத்தான். என்னைக் கேட்டால் ட்ராப்பின் பாதிக் கடன் மெம்ஃபிஸுக்கு. அட்லாண்டாக்காரர்கள் இதைக் கொஞ்சம் தயங்கித்தான் ஒத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது டெக்சாஸின் ஹூஸ்டன். அங்கே டிஜே ஸ்க்ரூ பாட்டுகளின் வேகத்தைக் குறைத்து, தேன் வழிவது போல இழுத்து, நடுநடுவே வெட்டி ஒட்டி டேப் போட்டார். 2000இல் இறந்துவிட்டார். அந்த மந்தம் ட்ராப்பில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

மூன்றாவது அட்லாண்டாவே. ரிகோ வேட் என்ற தயாரிப்பாளரின் தாயார் வீட்டு நிலவறையில், 'டஞ்சன்' என்று பெயர் வைத்த ஸ்டூடியோவில், அவுட்காஸ்ட், குடி மாப் என்ற ராப் குழுக்கள் உருவாயின. 1995இல் நியூயார்க்கில் நடந்த, ராப் உலகின் சோர்ஸ் விருது விழாவில் அவுட்காஸ்ட்டுக்கு விருது கிடைத்தபோது அரங்கம் கூச்சல் போட்டது. தெற்கிடமும் சொல்ல விஷயம் இருக்கிறது என்று அவுட்காஸ்ட்டின் ஆந்த்ரே 3000 மேடையிலேயே பதில் சொல்லிவிட்டு இறங்கினார். 1998இல் வந்த அவர்களுடைய 'ஸ்பாட்டி ஆட்டி டோபலிஷியஸ்' பாட்டில் வேலை கிடைக்காமல் மறுபடி ட்ராப்புக்கே போகும் ஒருவன் வருகிறான். டிரம்பெட்டும் டிராம்போனும் மிதக்கும் ஏழு நிமிடப் பாட்டு. ட்ராப் இசை என்ற பெயர் பிறக்கும் முன்பே அதன் சோகத்தைச் சொல்லி முடித்துவிட்டது.

படி 5: 2003 முதல் 2005 வரை, மூன்று ஆல்பங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். மொத்தக் கதையின் நடுத்தூண் இதுதான்.

டி.ஐ.யின் முதல் ஆல்பம் 2001இல் வந்து படுத்துவிட்டது. கம்பெனி கைவிட்டது. கம்பெனி இல்லாமலே தெருவில் விற்கும் மிக்ஸ்டேப் தொகுப்புகள் போட்டு மீண்டு வந்தவர், 2003 ஆகஸ்ட்டில் 'ட்ராப் மியூசிக்' என்று வெளிப்படையாகவே தலைப்பு வைத்து இரண்டாவது ஆல்பத்தை இறக்கினார். பெயர் ஊன்றியது அப்போதுதான். அதில் 'ரப்பர் பேண்ட் மேன்' கேளுங்கள். பீட், மிசிசிப்பிக்காரரான டேவிட் பேனர். ஆர்கன் ஒலியும் பிள்ளைகளின் கோரஸும் சேர்ந்து, விஷயம் என்ன என்று தெரியாதவர்களுக்குத் திருவிழாப் பாட்டு போலவே கேட்கும். அதே கையோடு 2006இன் 'வாட் யூ நோ'வையும் கேட்டுவிடுங்கள். பீட், டிஜே டூம்ப். ராபர்ட்டா ஃப்ளாக்கின் பழைய சோகப் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த மெட்டை ராஜ ஊர்வலம் போல நிமிர்த்தியிருப்பார். கிராமி விருது வாங்கியது. டி.ஐ.க்கு நான் ஒரே ஒரு பாட்டுதான் பரிந்துரைக்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து குச்சி மேன், 'ட்ராப் ஹவுஸ்', 2005 மே. இதில் 'ஐஸி' என்ற பாட்டு. பீட் போட்ட சேடோவன் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர். வாரநாட்களில் தன் வீட்டு நிலவறையில் ட்ராப், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் பக்திப் பாட்டு. காது கொடுத்துக் கேட்டால் இரண்டும் ஒரே விரல்கள் என்று தெரிந்துவிடும்: மேல் சுரங்களில் தாவித் தாவி ஓடும் அந்தச் சின்ன அலங்காரங்கள் முழுக்க தேவாலய வாசிப்பு. குச்சியின் உச்சரிப்பு மூக்கடைத்தது போல இருக்கும், முதலில் எரிச்சலூட்டும். ஒரு வாரம் பொறுங்கள்.

மூன்றாவது யங் ஜீசி. 2005 ஜூலையில் 'லெட்ஸ் கெட் இட்: தக் மோட்டிவேஷன் 101'. ஷாட்டி ரெட் என்ற தயாரிப்பாளரின் பீட்டுகள் இதில் மிகப் பெரியவை; படத்தின் இடைவேளைக் காட்சிக்கு வருவது போன்ற சிந்தசைசர் பித்தளைகள் (டிரம்பெட் போன்ற ஊதுகருவிகளின் ஒலி). ஜீசி அதிகம் பேசமாட்டார். ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்தி, பின்னணியில் தானே "யேஏஏ" என்று ஆமோதித்துக்கொள்வார். பாடகர் ஏகானுடன் பாடிய 'சோல் சர்வைவர்' ஹாட் 100இல் நான்காம் இடம் பிடித்தது. முகம் சுளித்த பனிமனிதன் படம் போட்ட அவருடைய டி-ஷர்ட்டுகளைப் பள்ளிகள் தடை செய்தன. 'ஸ்னோ' என்றால் கொக்கெய்ன் என்று ஆசிரியர்களுக்கும் புரிந்துவிட்டிருந்தது.

'ஐஸி' பாட்டில் ஜீசியும் பாடியிருக்கிறார். பாட்டு யார் ஆல்பத்துக்குச் சொந்தம், பணம் எங்கே என்று தொடங்கிய தகராறு பெரும் பகையானது. குச்சியைத் தாக்க வந்த கும்பலில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். குச்சி மேல் போட்ட கொலை வழக்கு ஆதாரம் போதாது என்று கைவிடப்பட்டது. பதினைந்து வருடம் கழித்து, 2020 நவம்பரில், இருவரும் ஒரே மேடையில் எதிரெதிரே உட்கார்ந்து தங்கள் பாட்டுகளைப் போட்டிக்கு ஒலிக்கவிட்டார்கள். கடைசியில் 'ஐஸி'யைச் சேர்ந்தே பாடினார்கள். அந்த நிகழ்ச்சியின் காணொளி கிடைத்தால் இந்தப் படி முடிந்த பிறகு பாருங்கள், முன்னாடி வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் இருவர் முகத்திலும் இருக்கும் இறுக்கம் கதை தெரிந்தவர்களுக்குத்தான் புரியும்.

படி 6: ஒரு பாட்டு எப்படி ஹிட் ஆகும்?

அந்த மேடை இருந்த இடம் மேஜிக் சிட்டி. அட்லாண்டாவின் பேர்போன ஸ்ட்ரிப் கிளப். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் ட்ராப்பின் முதல் தேர்வுக்குழு அங்கேதான் உட்கார்ந்திருந்தது. புதுப் பாட்டை டிஜே போடுவார். நடனமாடும் பெண்கள் எழுந்து ஆடினால், கூட்டம் நோட்டுகளை வீசினால், பாட்டு பிழைத்தது. யாரும் அசையவில்லை என்றால் ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். ரேடியோவெல்லாம் அதற்கப்புறம். அந்தப் பெண்களின் ரசனைக்கு ட்ராப் வரலாறு கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்கவில்லை என்பது என் குறை.

இன்னொரு வழி மிக்ஸ்டேப். கம்பெனி அனுமதி, காப்புரிமை எதற்கும் காத்திராமல் டிஜேக்கள் தொகுத்து வெளியிடும் சிடிகள். 'கேங்ஸ்டா கிரில்ஸ்' என்ற வரிசையை நடத்திய டிஜே டிராமாவின் அட்லாண்டா ஸ்டூடியோவை 2007 ஜனவரியில் போலீஸ் முற்றுகையிட்டது. திருட்டு சிடி என்று சொல்லி ஆயிரக்கணக்கில் அள்ளிப்போனார்கள். வேடிக்கை என்னவென்றால், பாடகர்களை விளம்பரப்படுத்த அதே மிக்ஸ்டேப்புகளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவை இசை கம்பெனிகளே. அதன் பிறகு மிக்ஸ்டேப் இணையத்துக்கு இடம்பெயர்ந்தது. இலவசப் பதிவிறக்கம் ட்ராப்பை அட்லாண்டாவுக்கு வெளியே கொண்டுபோனது.

படி 7: 2010, கூரையைப் பிய்த்த சத்தம்

வர்ஜீனியாவில் லெக்ஸ் லூகர் என்ற பத்தொன்பது வயதுப் பையன். பெல்ஜியத்தில் உருவான எஃப்எல் ஸ்டூடியோ என்ற மென்பொருள்தான் அவருடைய இசைக்கூடம். இசை படித்தவர்கள் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்த காலம் அது. அதில் போட்ட பீட்டுகளை ராப்பர் வாக்கா ஃப்ளாக்கா ஃப்ளேமுக்கு அனுப்பினார். 'ஹார்ட் இன் டா பெயிண்ட்' பிறந்தது. ஹை-ஹாட்டின் படபடப்பு, அதற்கு மேல் அலறும் செயற்கைப் பித்தளை, கீழே வெடிக்கும் 808. இன்று ட்ராப் என்றதும் உலகம் நினைப்பது இந்தச் சத்தத்தைத்தான். வாக்கா நல்ல வரி எழுதுபவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த பீட்டுக்கு மேல் கத்துவதற்கு ஒரு தொண்டை வேண்டியிருந்தது, அவருக்கு அது இருந்தது. அதே வருடம் ரிக் ராஸின் 'பி.எம்.எஃப்.', அடுத்த வருடம் கான்யே வெஸ்ட்டும் ஜே-ஸியும் சேர்ந்து வெளியிட்ட 'ஹெச்.ஏ.எம்.' என்று லூகரின் அச்சு பரவியது. பிறகு எல்லோரும் அதையே நகலெடுக்க, இரண்டே வருடத்தில் அது அலுத்தும் போனது.

படி 8: ஃப்யூச்சரிடம் கொஞ்சம் தங்குங்கள்

ஃப்யூச்சர், டஞ்சன் நிலவறைக்காரரான ரிகோ வேடின் உறவுக்காரர். அவுட்காஸ்ட்டிடமிருந்து ஒரு நூல் நேராக இங்கே வருகிறது. குரலைச் செயற்கையாகச் சுருதி சேர்க்கும் ஆட்டோ-ட்யூனை மற்றவர்கள் மெருகுக்காகப் பயன்படுத்தினார்கள். ஃப்யூச்சர் அதை உடைந்த குரலை இன்னும் உடைக்கப் பயன்படுத்தினார். ராப்பா, பாட்டா, முனகலா என்று சொல்ல முடியாத ஒன்று.

2014 கடைசியில் அவருடைய டிஜேயான எஸ்கோ துபாயில் கைதானார். அவரிடம் இருந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் ஃப்யூச்சர் முந்தைய இரண்டு வருடங்களில் பதிவுசெய்த பாட்டுகள் மொத்தமும். 56 நாள் சிறை. கையில் அந்தப் பாட்டுகள் எதுவும் இல்லாத ஃப்யூச்சர் புதிதாகப் பதிவுசெய்யத் தொடங்கினார். எஸ்கோ திரும்பி வந்த பிறகு 2015இல் வெளியான மிக்ஸ்டேப்புக்கு '56 நைட்ஸ்' என்றே பெயர். அதில் 'மார்ச் மேட்னஸ்' இருக்கிறது. கொண்டாட்டப் பாட்டு போலத் தொடங்கும் அதில், போலீஸ் சுட்டுச் சாகிறவர்களைப் பற்றி ஒரு வரி வந்து போகும். அழுத்தமே இல்லாமல், அடுத்த வரியில் மறுபடி பெருமைப் பேச்சு. ட்ராப்பில் துக்கம் இப்படித்தான் வரும். தனி சரணம் எடுத்து அழாது. முழு ஆல்பமாகக் கேட்க நேரமிருந்தால் அதே வருடத்து 'டிஎஸ்2'. மெட்ரோ பூமின், சவுத்சைட், சேடோவன் என்று மூன்று தலைமுறை பீட்டும் அதில் கிடைக்கும்.

படி 9: மிகோஸ், திஸ்ரம் உலகம் சுற்றிய கதை

அட்லாண்டாவின் வடகிழக்கே கிவினெட் கவுண்டியில் க்வேவோ, அவருடைய அக்கா மகன் டேக்ஆஃப், நண்பர் ஆஃப்செட் என்று மூவர் குழு. 2013இல் 'வெர்சாசே'. பீட், நம் தேவாலயக்காரர் சேடோவன். பல்லவியில் அந்த ஃபேஷன் பிராண்டின் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் மூன்று மூன்றாக உருளும் அந்த ஓட்டம் காதை விட்டுப் போகாது. பிரபல ராப்பர் டிரேக் தானாகவே முன்வந்து அதற்கு ஒரு ரீமிக்ஸ் செய்ததும் ராப் உலகமே தகிட தகிட என்று பேச ஆரம்பித்தது. மெம்ஃபிஸ் கேசட்டை ஏற்கெனவே கேட்டுவிட்ட நீங்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.

2016இல் வந்த 'பேட் அண்ட் பூஜீ' 2017 ஜனவரியில் முதலிடத்துக்கு ஏறியது. பீட், மெட்ரோ பூமின். அதே மாதம் கோல்டன் குளோப் விருது வாங்கிய நடிகர் டொனால்ட் குளோவர், மேடையில் இந்தப் பாட்டுக்காகவே மிகோஸுக்கு நன்றி சொன்னார். இதில் முன்னணி வரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரி முடிவிலும் பின்னால் விழும் ஒற்றைச் சொற்களைக் கவனியுங்கள். கச்சேரியில் உபபக்க வாத்தியம் இடைவெளி நிரப்புவது போலக் கூவி நிரப்புவார்கள். மூவரில் நுணுக்கமானவர் டேக்ஆஃப். 2022 நவம்பர் 1ஆம் தேதி ஹூஸ்டனில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 28.

படி 10: வெளியே போன வழிகள்

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். 2013இல் தயாரிப்பாளர் பாவரின் 'ஹார்லெம் ஷேக்' ஹாட் 100இல் ஐந்து வாரம் முதலிடம். யூடியூப் பார்வைகளையும் பில்போர்ட் கணக்கில் சேர்க்கத் தொடங்கியதே காரணம். நடனக் கூடங்களின் ட்ராப் அது, எனக்கு அதிக ஈடுபாடு இல்லை. நியூ ஜெர்சியின் ஃபெட்டி வாப் 2014இல் 'ட்ராப் குயீன்' பாடி ட்ராப்பில் காதலைக் கொண்டுவந்தார். கார்டி பி 2017இல் 'போடாக் எல்லோ'வுடன் முதலிடம் பிடித்தார். டிராவிஸ் ஸ்காட்டின் 'சிக்கோ மோட்' 2018இல். நடுவில் பீட்டே மாறிப்போகும் அந்தப் பாட்டின் ஆல்பத்தில் டிஜே ஸ்க்ரூவுக்கு என்றே ஒரு பாட்டு இருக்கிறது. 2019இல் லில் நாஸ் எக்ஸ், நெதர்லாந்துப் பையன் ஒருவனின் பீட்டை இணையத்தில் 30 டாலருக்கு வாங்கி 'ஓல்ட் டவுன் ரோட்' பாட, 19 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. போர்ட்டோ ரிக்கோவில் சூப்பர் மார்க்கெட்டில் பை கட்டிக்கொண்டிருந்த பேட் பன்னி, ஸ்பானிய ட்ராப்பின் மூலமாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தார். நம் படங்களில் ஹீரோ மெதுவாக நடந்துவரும்போது பின்னால் படபடக்கும் ஹை-ஹாட்டும் இந்த வழியாக வந்து சேர்ந்ததுதான்.

படி 11: வரிகளை எப்படிக் கேட்பது

இரண்டு பேர் தப்பாகக் கேட்கிறார்கள். எல்லாம் உண்மை வாக்குமூலம் என்று நம்புபவர் ஒருவர். எல்லாம் வெறும் பந்தா என்று தள்ளுபவர் இன்னொருவர். முதல் வகைக் கேட்பு நீதிமன்றம் வரைக்கும் போனது. அட்லாண்டா ராப்பர் யங் தக், 2022 மே மாதம் ஜார்ஜியாவின் குற்றக்கும்பல் தடுப்புச் சட்டத்தில் கைதானார். அவருடைய பாட்டு வரிகளை அரசுத் தரப்பு சான்றாக முன்வைத்தது. அந்த மாநில வரலாற்றின் மிக நீண்ட குற்ற விசாரணையாக அது இழுத்தது. 2024 அக்டோபர் கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கழித்த சிறைக்காலமே போதும் என்று நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே வந்தார். இதற்கிடையே கலிஃபோர்னியா மாநிலம் வரிகளைச் சான்றாக்குவதைக் கட்டுப்படுத்தி 2022இலேயே சட்டம் போட்டுவிட்டது.

பெருமைப் பேச்சில் ஒரு விவரம் தேவைக்கு மேல் துல்லியமாக இருந்தால் அங்கே நின்று கேளுங்கள். அடுப்பு, தராசு, பாட்டி வீட்டுச் சமையலறை, ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டு. வாட்ச், காரின் பெயரெல்லாம் யாரும் எழுதிவிடலாம். தராசை எழுத அங்கே நின்றிருக்க வேண்டும், அல்லது நின்றவன் பக்கத்திலாவது இருந்திருக்க வேண்டும். பெண்களைப் பற்றிய வரிகளுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. பெரும்பாலானவை மோசமானவை, அவ்வளவுதான்.

படி 12: கேட்க வேண்டிய வரிசை

முதல் நாள் 'மாஸ்க் ஆஃப்' மட்டும், மூன்று நான்கு முறை. அடுத்து அவுட்காஸ்ட், த்ரீ 6 மாஃபியா. அதற்கடுத்து 'ரப்பர் பேண்ட் மேன்', 'ஐஸி', 'சோல் சர்வைவர்', 'வாட் யூ நோ' என்று ஒரே உட்காரலில். ஒரு நாள் விட்டு 'ஹார்ட் இன் டா பெயிண்ட்'. சத்தத்தைக் கூட்டி வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்து. பிறகு 'வெர்சாசே', 'மார்ச் மேட்னஸ்', 'பேட் அண்ட் பூஜீ'. 'சிக்கோ மோட்' கடைசியில். பாட்டின் தொடக்கத்தில் ஒரு குரலோ ஒலியோ பீட் போட்டவரின் பெயரை அறிவிக்கும். அதற்கு 'டேக்' என்று பெயர். அந்த டேக்குகளை வைத்தே யார் பீட் என்று சொல்லப் பழகிவிட்டால் பாடம் முடிந்தது.

எது பிடித்தது என்பதைப் பொறுத்து மேலே போகலாம். சேடோவனின் கீபோர்டு பிடித்திருந்தால், குச்சி மேன் 2016இல் சிறையிலிருந்து வெளியே வருவதற்கு முன்பும் பின்பும் அவரோடு செய்த மிக்ஸ்டேப்புகளுக்கு முடிவே இல்லை. மெட்ரோ பூமினின் இருட்டு பிடித்திருந்தால் 21 சாவேஜுடன் அவர் செய்த 'சாவேஜ் மோட்', 2016. லெக்ஸ் லூகரின் வெடிச்சத்தம்தான் வேண்டுமென்றால் சிகாகோவுக்கு வண்டியைத் திருப்புங்கள்: 2012, சீஃப் கீஃப், 'ஐ டோன்ட் லைக்'. பீட், யங் சாப். அது டிரில் என்ற வேறு கதையின் முதல் பக்கம்.